நாலாம் கியரில இழுக்குமோ எண்டு முதல் பாருங்கோ தம்பி

புதுக்குடியிருப்பில இருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். கடிதம் நீளம், சுருக்கிச் சொல்லுறன். ஆடி ஆவணி லீவுக்கு வெளிநாட்டில இருந்து வாற எங்கட சனத்தை ஏத்திக்கொண்டு வற்றாப்பளை, முல்லைத்தீவுக் கடற்கரை, மடு, பிறகு அப்பிடியே கண்டி, நுவரெலியா எண்டு காட்டித் திரியிறதுக்கு ஒரு கரவன் செய்விச்சிருக்கிறார். ஒற்றை அக்சில், இரும்புச் சட்டம், உள்ளுக்கை நாலு பேர் படுக்கலாம், குசினி, தண்ணித் தாங்கி எல்லாம் சேர்த்து 1,350 கிலோ வரும் எண்டு பட்டறைக்காரர் சொன்னாராம். இழுக்கிறதுக்கு ரெண்டு டபுள் கப் (ரெண்டு வரிச் சீற்றுப் பிக்கப்) பாத்து வைச்சிருக்கிறார். ஒண்டு பழைய ஹைலக்ஸ், 3எல் எண்ட மொடல் எஞ்சின், டேர்போ இல்லாத 2.8 லீற்றர் டீசல். மற்றது பிறகு வந்த ஹைலக்ஸ், 1கேடி எஞ்சின், 3.0 டேர்போ, ஆனால் முந்தின ஓனர் பெரிய ரயர் போட்டு வைச்சிருக்கிறார். ரெண்டும் மனுவல், ரெண்டும் போர் வீல் (நாலு சில்லும் இழுக்கிறது).

தம்பி ஜக்கில ஒரு பக்கச் சில்லைத் தூக்கி ஒரு சுத்துச் சுத்திப் பாத்தாராம், முதல் வாகனத்தில புரொப்பலர் சாப்ட் (கியர் பொக்ஸில இருந்து பின் அக்சிலுக்குப் போற தண்டு) ரெண்டேகாலுக்குக் கொஞ்சம் கூடச் சுத்துதாம், மற்றதில ரெண்டுக்குக் கொஞ்சம் குறையச் சுத்துதாம். கனடாவில கல்கரியில இருக்கிற தமையன் போனில "டிப்ரன்சல் 3.73 க்குக் குறைஞ்சால் கரவன் இழுக்காதே" எண்டு சொல்லிப்போட்டாராம். அப்ப ரெண்டு வாகனமும் சரிவராதோ அண்ணை, எந்த எஞ்சின் எடுக்கிறது, டிப்ரன்சல் மாத்தவேணுமோ எண்டு கேட்டிருக்கிறார். தமையனும் அங்கை கரவன் இழுக்க ஃபோர்ட் எஃப்-150 பிக்கப் ஒண்டு வாங்கப் பாக்கிறாராம், அவருக்கும் ஒரு வார்த்தை சொல்லட்டாம்.

தம்பி, முதல்ல உங்கட மனப்பயத்தை எடுத்துவிடுறன். நீங்கள் எண்ணினது பிழையில்லை, பாதிதான் எண்ணியிருக்கிறியள். டிப்ரன்சல் நம்பர் எண்டுறது, ரெண்டு பின் சில்லும் ஒரு சுத்துச் சுத்த புரொப்பலர் சாப்ட் எத்தினை சுத்துச் சுத்துது எண்ட கணக்கு. டிப்ரன்சல் எண்டுற சாமான் ரெண்டு சில்லுக்கும் சுத்தைப் பங்கு போட்டுக் குடுக்கிறது, ஒரு சில்லு நிலத்தில நிண்டு மற்றச் சில்லை மட்டும் சுத்தினால் புரொப்பலர் சாப்ட் பாதிதான் சுத்தும். அதாலை ஒரு சில்லு நிலத்தில நிக்கேக்கை மற்றதை ரெண்டு சுத்துச் சுத்தோணும். இல்லாட்டி ரெண்டு பக்கமும் தூக்கி, முன் சில்லுக்கு வடிவாக் கட்டை வைச்சு, ஸ்ராண்ட் குடுத்து (வெறும் ஜக்கில விட்டுட்டு அடியில போகாதேங்கோ), கியர் நியூட்ரலில, ஹாண்ட் பிறேக்கை எடுத்துவிட்டு, ரெண்டு சில்லையும் ரெண்டு பேர் ஒரே பக்கமா ஒரு சுத்துச் சுத்தோணும். ரயரிலயும் சாப்டிலயும் சோக்கால ஒரு கோடு போட்டால் கணக்குப் பிழைக்காது. அப்ப உங்கட ரெண்டேகால் சொச்சம் நாலரைக்குக் கொஞ்சம் கூட, அது 4.556, டிப்ரன்சலுக்குள்ள இருக்கிற பெரிய பல்லுச் சில்லான கிரவுன் வீலில 41 பல்லு, அதைச் சுத்திற சின்னப் பல்லுச் சில்லான பினியனில 9 பல்லு. மற்றது 3.9, 43 பல்லுக்கு 11 பல்லு. கதவுச் சட்டத்திலயோ எஞ்சின் பக்கத்திலயோ இருக்கிற தகட்டில அக்சில் கோட் அடிச்சிருக்கும், எண்டாலும் எங்கட பக்கத்தில எத்தினை கை மாறின வாகனம், உள்ளுக்கை ஆர் எதை மாத்தினவையோ தெரியாது, எண்ணிப் பாக்கிறதுதான் சரி. அப்ப ரெண்டு வாகனமும் தமையன் சொன்ன 3.73 ஐ விடக் கூடத்தான் நிக்குது.

ஆனால் தமையன்ர நம்பரை இஞ்சை கொண்டுவந்து வைச்சு ஒப்பிடுறதே சரியில்லை. அவர் பாக்கிற எஃப்-150 க்கு பத்துக் கியர் ஓட்டோ, அதில முதலாம் கியர் 4.7 அளவில. 3.73 டிப்ரன்சலோட பெருக்கினால் 17.5 வரும். உங்கட பழைய ஹைலக்ஸ் போல அஞ்சு கியர் பெட்டியளில முதலாம் கியர் 3.9 அளவில, 4.556 ஆல பெருக்கினால் 17.8. சில்லுக்குப் போய்ச் சேருற கணக்கு கிட்டத்தட்ட ஒண்டுதான், ஆனால் ஒரு பக்கம் 3.73, மற்றப் பக்கம் நாலரை எண்டு கேக்கிறவருக்குப் பெரிய வித்தியாசம் மாதிரித் தெரியும். டிப்ரன்சல் நம்பர் தனிய ஒண்டும் சொல்லாது. எஞ்சின் எத்தினை சுத்தில நல்லா இழுக்குது, எந்தக் கியர், டிப்ரன்சல் என்ன, ரயர் எவ்வளவு உயரம், இந்த நாலையும் சேர்த்துத்தான் பாக்கோணும், அதிலயும் ரயரை எங்கட ஆக்கள் கணக்கில எடுக்கிறதே இல்லை, அதுக்குப் பிறகு வாறன்.

இனி கணக்கு. பயப்பிடாதேங்கோ, பெருக்கல் பிரித்தல்தான். எஞ்சின்ர டோர்க்கை (முறுக்கு விசையை) கியர் நம்பரால பெருக்கி, டிப்ரன்சல் நம்பரால பெருக்கி, ரயரின்ர அரை உயரத்தால (மீற்றரில) பிரியுங்கோ. வாறதை 10 ஆல பிரிச்சால் கிட்டத்தட்டக் கிலோ கணக்கு வரும், அதில பத்தில ஒரு பங்கை கியர், பெயரிங் உரசலுக்குக் கழியுங்கோ. மிச்சம்தான் சில்லு றோட்டைத் தள்ளுற விசை.

3எல் எஞ்சினுக்கு டோர்க் 190 நியூட்டன் மீற்றர் அளவில, 2,400 சுத்துக்குக் கிட்ட. 205ஆர்16 ரயர் 74 சென்றிமீற்றர் உயரம், பாரத்தில நசிஞ்சு நிக்கேக்கை அரைவாசி 36 எண்டு எடுப்பம். நாலாம் கியர் நேர் கியர், ஒண்டுக்கு ஒண்டு. 190 ஐ 4.556 ஆல பெருக்கி 0.36 ஆல பிரிச்சு, உரசலைக் கழிச்சால் 220 கிலோ. அஞ்சாம் கியர் 0.85 அளவில, அதில 185 கிலோ.

இது எங்கட சமதரைக்குக் காணுமோ? வவுனியாவில இருந்து ஆனையிறவு மட்டும் ஏ9 இல ஏத்தம் எண்டு சொல்லுறதுக்கு ஒண்டுமில்லை. வாகனமும் ஆக்களும் 2,000 கிலோ, கரவன் 1,350, எல்லாமாச் சேர்த்து 3,400 கிலோ எண்டு வையுங்கோ, தார் றோட்டில ரயர் உருளுறதுக்கு மட்டும் 50 கிலோ விசை போகும். மிச்சம் முழுக்கக் காத்துத்தான். கரவன் எண்டுறது நிமிர்ந்து நிக்கிற ஒரு பெட்டி, அது காத்தை வெட்டாது, தள்ளிக்கொண்டுதான் போகும். 60 இல ஓடேக்கை காத்துக்கு 60 கிலோ அளவில போகும் எண்டால் 80 இல 100 கிலோவைத் தாண்டும், ஏனெண்டால் காத்தின்ர எதிர்ப்பு வேகத்தின்ர வர்க்கமாக் கூடும். நீங்கள் ஓடப்போறது ஆடி ஆவணி எண்டுறியள், அது சோழகம் அடிக்கிற காலம், பூநகரிப் பக்கம், ஆனையிறவு, முல்லைத்தீவு வெளி எல்லாம் எப்பிடி அடிக்கும் எண்டு உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எதிர்க்காத்து 30 எண்டால், நீங்கள் 60 இல போனாலும் கரவனுக்கு 90 இல போற மாதிரி, காத்துக்கு மட்டும் 130 கிலோவுக்கு மேல. உருளுறதுக்கு 50 ஐயும் கூட்டினால் 180 தாண்டிட்டுது. பாருங்கோ, 3எல் அஞ்சாம் கியரில 185 தான் குடுக்கும், அதுவும் அந்த நல்ல சுத்தில ஓடினால்தான், அஞ்சில 60 இல போகேக்கை எஞ்சின் 1,660 சுத்தில நிக்கும், அங்கை அந்த டோர்க்கும் முழுசா வராது. அப்ப மூச்சு முட்டும், கால் அடியோட மிதிச்சபடி இருக்கும், கறுப்புப் புகை வரும். நாலாம் கியரில 1,950 சுத்து, 220 கிலோவுக்குக் கிட்ட, இழுத்துக்கொண்டு போகும்.

அதாலைதான் தலைப்பில நாலாம் கியர் எண்டு போட்டனான். கரவன் கொழுவியிருக்கேக்கை அஞ்சாம் கியர் எண்டு ஒண்டு இல்லை எண்டு நினைச்சுக்கொள்ளுங்கோ. இழுவைக்கு மட்டுமில்லை, இன்னொரு காரணமும் இருக்கு. இந்த வகைக் கியர் பொக்ஸில நாலாம் கியரில பாரம் உள்ளுக்கை வாற சாப்டில இருந்து வெளிய போற சாப்டுக்கு நேரப் போகுது. அஞ்சாம் கியரில கீழ இருக்கிற கவுண்டர் சாப்டுக்கு இறங்கி, சின்னக் கியர் ரெண்டுக்குள்ளால ஏறித்தான் போகோணும், பாரத்தோட மணித்தியாலக் கணக்கில அப்பிடி ஓடினால் சூடு அங்கைதான் ஏறும், என்ர கராஜுக்கு வந்த இழுவை வாகனங்களில அஞ்சாம் கியரும் அதின்ர பெயரிங்கும்தான் முதல்ல சத்தம் போட்டு வந்தது. டீசல் மிச்சம் பிடிக்கிறன் எண்டு அஞ்சைப் போடுறதில உண்மையில மிச்சமும் வராது, மூச்சு முட்டிற எஞ்சின் டீசலை எரிக்காமல் புகையாத்தான் தள்ளும்.

சரி, சமதரைக்கு 3எல் லும் 4.556 உம் நாலாம் கியரில காணும். மடு, வற்றாப்பளை, முல்லைத்தீவு எண்டு வன்னிக்குள்ளயே சுத்துறதெண்டால் அந்தப் பழைய வாகனத்தையே எடுங்கோ எண்டு சொல்லுவன், எளிமையான எஞ்சின், எங்கை நிண்டாலும் திருத்தலாம், சாமானும் கிடைக்கும். ஆனால் நீங்கள் நுவரெலியா எண்டு எழுதியிருக்கிறியள், அங்கைதான் கதை மாறுது.

2002 இல ஏ9 பாதை திறந்தாப் பிறகு இஞ்சை இருந்து நெல்லேத்திக்கொண்டு லொறியள் தெற்குக்கு ஓடத் தொடங்கின காலம். ஒரு லொறிக்காரர், வன்னி முழுக்கச் சமதரைதானே, டீசல் மிஞ்சும் எண்டு நினைச்சு, டிப்ரன்சலை நம்பர் குறைஞ்ச ஒண்டுக்கு மாத்திவிடச் சொல்லி என்னட்டை நிண்டார். நானும் மாத்திக் குடுத்தன். ஏ9 இல நல்லாத்தான் ஓடினது, ஒரு மாசம் என்னைப் புகழ்ந்துகொண்டு திரிஞ்சார். பிறகு கண்டிக்கு ஒரு லோட் கிடைச்சுப் போகேக்கை மாத்தளைக்கும் கண்டிக்கும் இடையில பலகடுவ ஏத்தத்தில, வளைவில நிப்பாட்டி எடுக்க வெளிக்கிட்டு கிளச் எரிஞ்சு அப்பிடியே நிண்டிட்டுது. ராவு முழுக்க மழையில நெல்லு மூடையோட நிண்டு, அடுத்த நாள் இன்னொரு லொறிக்கு மாத்தி ஏத்தினவை. எங்கை எங்கை ஓடப்போறியள் எண்டு நான் கேட்டிருக்கோணும், கேக்கேல்லை. அண்டையில இருந்து ஆர் டிப்ரன்சல் பற்றி வந்து கேட்டாலும் முதல் கேள்வி அதுதான் கேக்கிறனான். பாதை முழுக்க எவ்வளவு சமதரை எண்டுறது முக்கியமில்லை, போற வழியில ஆகக் கூடின ஏத்தம் எது, அதில நிப்பாட்டித் திரும்ப எடுக்கலாமோ எண்டுறதுதான் முக்கியம்.

கண்டி கடல் மட்டத்தில இருந்து 500 மீற்றர் அளவில. நுவரெலியா 1,868 மீற்றர். கம்பளை, புசல்லாவ, றம்பொட வழியா ஏறேக்கை பத்துக்கு ஒண்டு ஏத்தம் எண்டு வைச்சுக் கணக்குப் பாப்பம். 3,400 கிலோவைப் பத்துக்கு ஒண்டு ஏத்தத்தில ஏத்த 340 கிலோ விசை வேணும், உருளுறதுக்கு 50, மொத்தம் 390. 3எல் மூண்டாம் கியரில (1.45 அளவில) குடுக்கிறது 315. காணாது. ரெண்டாம் கியரில 475, காணும், ஆனால் ரெண்டாம் கியரில 2,400 சுத்தில மணிக்கு 33 கிலோமீற்றர்தான் வரும், அதுவும் கீழ. மேல ஏற ஏறக் காத்தின்ர அடர்த்தி குறையும், டேர்போ இல்லாத எஞ்சின் அந்தக் காத்தைத்தான் மூச்சாக எடுக்குது, நுவரெலியா உயரத்தில ஆறில ஒரு பங்கு பலம் போயிடும். அப்ப 475 எண்டுறது 400 க்குக் கிட்ட வந்திடும். கடைசி ஏத்தங்களில ரெண்டாம் கியரும் திணறி முதலாம் கியருக்குப் போய், பின்னால பஸ்காரர் ஹோன் அடிக்க, றேடியேற்றர் கொதிக்க, வெளிநாட்டுச் சனம் உள்ளுக்கை இருக்க... உங்களுக்கு அந்த நிலை வேண்டாம்.

1கேடிக்கு டோர்க் 343, அதுவும் 1,400 சுத்தில இருந்தே வரும். 3.9 டிப்ரன்சல், கொம்பனி ரயர் 265/70ஆர்16 எண்டு எழுதியிருக்கிறியள், அரை உயரம் நசிஞ்சு 37.5 சென்றிமீற்றர். மூண்டாம் கியரில கணக்குப் பாத்தால் 465 கிலோ. அதாவது 3எல் ரெண்டாம் கியரில குடுக்கிறதை இது மூண்டாம் கியரில குடுக்குது, 1,800 சுத்தில மணிக்கு 45 க்கு மேல. டேர்போ காத்தை அமுக்கித் தள்ளுறதாலை உயரத்திலயும் அவ்வளவா இளைக்காது. சமதரையில நாலாம் கியரில 60 இல போகேக்கை 1,600 சுத்து, அதின்ர நல்ல இழுவைக்குள்ளதான் நிக்குது. டிப்ரன்சல் நம்பர் குறைவு எண்டு நீங்கள் பயந்த வாகனம்தான் உங்கட வேலைக்குச் சரியானது தம்பி, எஞ்சின் குறைஞ்ச சுத்தில இழுக்கிறதெண்டால் டிப்ரன்சல் அவ்வளவு பெருக்கிக் குடுக்கத் தேவையில்லை.

ஆனால் அந்தப் பெரிய ரயரைக் கழட்டுங்கோ. இதை நான் கெஞ்சிக் கேக்கிறன். முந்தின ஓனர் போட்டிருக்கிறது 285/75ஆர்16 எண்டு எழுதியிருக்கிறியள், அது 83 சென்றிமீற்றர் உயரம், கொம்பனி ரயர் 78 தான். ஏழு வீதம் கூட. ரயர் ஏழு வீதம் உயர்ந்தால் டிப்ரன்சல் ஏழு வீதம் இறங்கின மாதிரி, உங்கட 3.9 இப்ப 3.64 ஆக வேலை செய்யுது. இழுவை குறையும், பிறேக்குக்கும் அதே அளவு பாரம் கூடும், ஸ்பீடோ மீற்றர் 60 எண்டு காட்டேக்கை நீங்கள் உண்மையில 64 இல போவியள், வாகனத்தின்ர உடம்பும் உயர்ந்து நிண்டு காத்துக்கு ஆடும். சில்லை மாத்திறது டிப்ரன்சல் மாத்திறதை விட மலிவு, அந்த ரயரை வித்தே பாதிக் காசு எடுக்கலாம், எங்கட பக்கம் அதுக்கு ஆசைப்படுற பொடியள் நிறையப் பேர்.

கடிதத்தில இன்னொண்டு எழுதியிருக்கிறியள், ஒரு கராஜில "பின் டிப்ரன்சலை மட்டும் மாத்துவம், செலவு பாதி" எண்டு சொன்னவையாம். ஐயோ, அதைச் செய்யவே வேண்டாம். உங்கட ரெண்டும் போர் வீல். முன்னுக்கு ஒரு நம்பர், பின்னுக்கு ஒரு நம்பர் எண்டால், டூ வீலில ஓடேக்கை ஒண்டும் தெரியாது, நல்லாத்தான் இருக்கும். முல்லைத்தீவு மணலில புதைஞ்சு போர் வீல் போட்ட உடன முன் சில்லும் பின் சில்லும் வேற வேற வேகத்தில சுத்தப் பாக்கும், மணல் எண்டபடியால் ரயர் வழுக்கிக் கொடுக்கும், வழுக்கி வழுக்கிக் குழியைத்தான் தோண்டும். அதே நிலையில மறந்துபோய்த் தார் றோட்டுக்கு ஏறினால் வழுக்க இடமில்லை, ட்ரான்ஸ்பர் பொக்ஸோ (முன்னுக்கும் பின்னுக்கும் இழுவையைப் பிரிக்கிற பெட்டி) முன் சாப்டோ உடைஞ்சுதான் நிக்கும். மாத்திறதெண்டால் ரெண்டும் ஒண்டா மாத்தோணும், கிரவுன் வீலையும் பினியனையும் சோடியாத்தான் போடோணும், பல்லு இடைவெளியும் பெயரிங் இறுக்கமும் அளந்து வைக்கிற ஆள் வேணும், வைச்சாப் பிறகு கொஞ்ச நாளைக்குப் பாரம் இழுக்காமல் ஓடி, ஒயிலை மாத்தி, அதுக்குப் பிறகுதான் கரவன். உங்களுக்கு இது ஒண்டுமே தேவையில்லை.

தமையனுக்கு. அவர் 7,000 இறாத்தல் கரவன் எண்டு சொன்னாராம், அது 3,175 கிலோ, எங்கட சின்னப் பெட்டியின்ர ரெண்டு மடங்குக்கும் மேல. எஃப்-150 இல 3.55 உம் 3.73 உம் எண்டு ரெண்டு டிப்ரன்சலுக்கு இடையில யோசிக்கிறார், வித்தியாசம் அஞ்சு வீதம்தான், பத்துக் கியர் இருக்கேக்கை ஒரு கியரைக் கீழ இறக்கினால் அதுக்கும் கூடக் கிடைக்கும். எஞ்சின்தான் பெரிய வித்தியாசம். 5.0 வி8 இல டோர்க் 410 இறாத்தல் அடி, அது 4,250 சுத்தில வருது. 3.5 டேர்போவில 500, அது 3,100 சுத்திலயே வருது. அதோட கல்கரியே ஆயிரம் மீற்றருக்கு மேல இருக்கிற ஊர், அங்கை இருந்து பான்ஃப் பக்கம் ஏறுறதெண்டால் நான் நுவரெலியாவுக்குச் சொன்ன அதே கதைதான், டேர்போ எடுக்கச் சொல்லுங்கோ. அது 3.55 ஓட மலிவாக் கிடைச்சாலும் எடுக்கலாம், 3.73 ஓட கிடைச்சால் மலைக்கு இன்னும் நல்லது. அமெரிக்காவில ஜே2807 எண்டு ஒரு இழுவைச் சோதனை முறை இருக்கு, அரிசோனாவில டேவிஸ் டாம் ஏத்தத்தில, 11.4 மைல் தூரம், கொழுத்தின வெயிலுக்கை ஏசி முழுக்கப் போட்டபடி, மணிக்கு 40 மைலுக்குக் குறையாமல் ஏறோணும், அப்பிடித்தான் அவையின்ர இழுவை நம்பர் வருது. ஆனால் அந்த நம்பரை நம்பி வாங்காமல், ட்ரைவர் கதவுச் சட்டத்தில ஒட்டியிருக்கிற மஞ்சள் வெள்ளை லேபலைப் பாக்கச் சொல்லுங்கோ, அந்த வாகனம் சுமக்கக்கூடிய பாரம் அதில இருக்கும். கரவன்ர 10 இல இருந்து 15 வீதம் கொழுக்கியில வந்து குந்தும், 7,000 க்கு 700 இல இருந்து 1,050 இறாத்தல், அதோட மனுசி பிள்ளையள் சாமான் சேர்ந்தால் இழுவை நம்பர் முடியிறதுக்கு முந்தியே சுமக்கிற நம்பர் முடிஞ்சிடும்.

அந்தக் கொழுக்கிப் பாரம் உங்களுக்கும் உண்டு. எங்கட வன்னிச் சனத்துக்கு இதை ஆரும் படிப்பிக்கத் தேவையில்லை, இடம்பெயர்ந்து திரிஞ்ச காலத்தில வீட்டில இருந்த எல்லாத்தையும் ட்ரக்டர் பெட்டியில ஏத்தி, பெட்டியின்ர பின்பக்கம் பாரம் கூடிப்போய், மிசின்ர பின்பக்கம் தூக்குப்பட்டு, பாரத்தைத் திரும்ப முன்னுக்கு மாத்தி ஏத்தின அனுபவம் எல்லாற்றை வீட்டிலயும் இருக்கு. கரவனுக்கும் அதேதான், ஆனால் வேகம் கூடவாகையால் பின்பாரம் கூடினால் தூக்கிறதோட நிக்காது, பாம்பு மாதிரி ஆட்டத் தொடங்கும், தொடங்கினால் பிடிக்கேலாது. 1,350 கிலோவுக்குக் கொழுக்கியில 135 கிலோ அளவு இருக்கோணும், ரெண்டு மூடை நெல்லுப் பாரம் எண்டு வையுங்கோ. நெல்லு வாங்கிற கடையில பெரிய தட்டுத் தராசு இருக்கும், கரவனைச் சமமா நிப்பாட்டி மூக்கை ஒரு கட்டையில வைச்சுத் தராசில இறக்கினால் உடன தெரியும். குறைவெண்டால் தண்ணித் தாங்கியை அக்சிலுக்கு முன்னால கொண்டுவாங்கோ, தாங்கி பின்னுக்கு இருக்கெண்டு எழுதியிருக்கிறியள், அது எனக்குப் பிடிக்கேல்லை. அதோட அந்த 1,350 ஐயும் நம்பாதேங்கோ, பட்டறைக்காரர் இரும்பை எண்ணிச் சொல்லியிருப்பார், மெத்தையும் காஸ் சிலிண்டரும் ஜெனரேற்றரும் எண்ணியிருக்க மாட்டார். அரிசி ஆலையில வே பிரிட்ஜ் இருந்தால் ஏத்தி நிறுங்கோ.

கரவனுக்குப் பிறேக் இருக்கெண்டு ஒரு இடமும் எழுதேல்லை. இல்லையெண்டால் போடாமல் மலைக்கு ஏத்தவே வேண்டாம். ஐரோப்பாவில 750 கிலோவுக்கு மேற்பட்ட ட்ரெய்லர் எண்டால் பிறேக் இல்லாமல் றோட்டில விடமாட்டினம், உங்கட அதின்ர ரெண்டு மடங்குக்குக் கிட்ட. தள்ளு பிறேக் எண்டு சொல்லுறது, வாகனம் பிறேக் பிடிக்கேக்கை கரவன் முன்னுக்குத் தள்ளி தன்ர பிறேக்கைத் தானே பிடிக்கிற மாதிரி, அந்தக் கப்ளிங்கோட வாற அக்சில் பழசாக் கிடைச்சாலும் எடுத்துப் போடுங்கோ. இறங்கேக்கை எந்தக் கியரில ஏறினனியளோ அந்தக் கியர், அதுக்கும் ஒண்டு குறைச்சாலும் நல்லது, பிறேக்கில கால் வைச்சபடி இறங்கினால் றம்பொட வளைவுகளில பிறேக் சூடாகிப் பிடிக்காமல் போகும்.

1கேடியை வாங்க முந்தி ஒரு நல்ல டீசல் இன்ஜெக்டர் பாக்கிற இடத்தில காட்டுங்கோ, கொமன் ரெயில் எஞ்சின் ஊத்தை டீசலைத் தாங்காது, கலனில வாங்கி ஊத்திற பழக்கம் இருந்தால் விடுங்கோ, டீசல் பில்டரில தண்ணி நிக்குதோ எண்டு பாருங்கோ. றேடியேற்றருக்குக் கிணத்துத் தண்ணி ஊத்தாதேங்கோ, எங்கட தண்ணியில சுண்ணாம்பு, குழாய்க்குள்ள படிஞ்சு அடைக்கும், கூலன்ரும் டிஸ்ரில் வோட்டரும்தான். அறுவடைக் காலத்தில றோட்டில காயப்போட்ட நெல்லுக்கு மேலால போய் வந்த வாகனம் எண்டால் றேடியேற்றருக்கு முன்னால சப்பியும் தூசும் அடைஞ்சிருக்கும், அதையும் கழுவுங்கோ, டிப்ரன்சல் ஒயில் ரெண்டையும் மாத்தி ஜிஎல்-5 ஊத்துங்கோ. கரவன்ர பதிவையும் இன்சூரன்சையும் கொழுவ முந்தி முடிச்சு வையுங்கோ, ஆக்களை ஏத்தி உழைக்கிற வேலை எண்டபடியால்.

முதல் பயணம் மலைக்கு வேண்டாம். வெறும் கரவனோட மாங்குளம் போய் வாங்கோ, பிறகு பாரத்தோட ஒருக்கா. மாங்குளத்தில இறங்கி டிப்ரன்சல் பொக்ஸிலயும் கரவன்ர ரெண்டு சில்லுக் கப்பிலயும் கை வைச்சுப் பாருங்கோ, ஒரு பக்கம் மற்றதை விடச் சூடு எண்டால் அந்தப் பெயரிங் இறுக்கம் கூட. தராசில வந்த கொழுக்கிப் பாரம், முழுப் பாரம் ரெண்டு நம்பரையும், தண்ணித் தாங்கி நிரப்பி ஒருக்கா, நிரப்பாமல் ஒருக்கா, எழுதி அனுப்புங்கோ. அதைப் பாத்துட்டு அக்சிலை எவ்வளவு முன்பின் நகத்திறது எண்டு சொல்லுறன், அது வரைக்கும் வெல்டிங்காரரை ஒண்டும் நிரந்தரமா ஒட்ட விடாதேங்கோ.